பி.ரம்லியும் எண்ணெய் மனிதனும்

மலேசியாவில் பிறந்து வளர்ந்த எவருக்கும் பி.ரம்லியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பள்ளி விடுமுறை நாள்களில் தொலைக்காட்சியில் 'புஜாங் லாபோக்' படங்களைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்காத தமிழ்க் குடும்பங்கள் நம் நாட்டில் குறைவு. மலாய் சரளமாக வராத என் பாட்டிகூட, பி.ரம்லி படம் ஓடினால் அடுக்களை வேலையை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து விடுவார். வசனம் புரிகிறதா என்று நாங்கள் கேட்டதில்லை. அவர் சிரித்ததே போதுமானதாக இருந்தது.

அந்தச் சிரிப்புக் கலைஞர் 1958ஆம் ஆண்டில் ஒரு திகில் படத்தை இயக்கி, அதில் தாமே கதாநாயகனாகவும் நடித்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 'சும்பா ஒராங் மின்யாக்' என்பது அப்படத்தின் பெயர். அவருடைய நகைச்சுவைப் படங்களைப்போல் இது அடிக்கடி பேசப்படுவதில்லை. ஆயினும், பினாங்கில் பிறந்த இந்தக் கலைஞனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இப்படமே நல்ல திறவுகோல் என்பது என் கருத்து. ஆகவே, அவருடைய வாழ்க்கை வரலாற்றை அப்படத்தின் வழியாகச் சொல்ல விழைகிறேன்.

தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டு மலரில் மலாய்க் கலைஞருக்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். அவரைத் திரைக்குக் கொண்டு வந்ததிலும் கதாநாயகனாக உயர்த்தியதிலும் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்களுக்கும், நம்மைப் போலவே பினாங்கில் வளர்ந்த ஒரு தமிழருக்கும் பெரும் பங்கு உண்டு. அதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

பினாங்குப் பையன்

பி.ரம்லியின் இயற்பெயர் தெயுக்கு சக்காரியா. தந்தையார் தெயுக்கு ஞா புத்தே, சுமத்ராவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்த கடலோடி. தாயார் சே மா, பட்டர்வொர்த் பக்கத்தைச் சேர்ந்தவர். 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், ஜார்ஜ்டவுனில் அன்று கவுன்டர் ஹால் சாலை என்று அழைக்கப்பட்ட தெருவில் இருந்த மர வீட்டில் அவர் பிறந்தார். 1926இல் கட்டப்பட்ட அவ்வீடு இன்றும் நிற்கிறது. தேசிய ஆவணக் காப்பகம் அதைப் பழுதுபார்த்துப் பாதுகாத்து வருகிறது. தெருவுக்கும் இன்று அவர் பெயர்தான்.

அவ்வீட்டை நான் பார்த்திருக்கிறேன். தூண்கள்மேல் நிற்கும் எளிய கம்பத்து வீடு. உள்ளே நுழைந்தவுடன் எனக்குத் தோன்றியது, இது எவ்வளவு சிறியது என்பதுதான். நம் தோட்டப்புற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த அளவு நன்றாகவே தெரியும். வசதியான இடத்திலிருந்து வந்தவரல்லர் பி.ரம்லி.

கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளியிலும், பிரான்சிஸ் லைட் பள்ளியிலும், பின்னர் பினாங்கு ஃபிரீ ஸ்கூலிலும் அவர் பயின்றார். படிப்பைவிட இசையிலும் விளையாட்டிலும்தான் நாட்டம் அதிகம். பாடத் தொடங்கிய பிறகு ரம்லி என்ற பெயரை வைத்துக்கொண்டார். முன்னால் நிற்கும் 'பி', தந்தையின் பெயரான புத்தேவைக் குறிக்கும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் பழக்கம் நமக்கு மிகவும் நெருக்கமானது. நம் வகுப்பு வருகைப் பட்டியலில் அவர் பெயரும் இருந்திருந்தால் ஒருவருக்கும் வேறுபாடு தெரிந்திராது!

ஜப்பானியர் காலம்

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மீது குண்டு வீசின. அம்மாதமே தீவு ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அப்போது ரம்லிக்கு வயது 12. பினாங்குத் துறைமுகம் ஜப்பானியக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் தளமாக மாறியது. ஆங்கிலப் பள்ளிப் படிப்பு நின்றது. ஜப்பானியக் கடற்படை நடத்திய பள்ளியில் சேர்ந்து ஜப்பானிய மொழியையும் ஜப்பானியப் பாடல்களையும் அவர் கற்றார்.

அந்த மூன்றரை ஆண்டுகளைப் பற்றி நம் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மரவள்ளிக்கிழங்கே உணவான காலம். சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்ட காலம். நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் வீடே நடுங்கிய காலம். அச்சம் என்பது அன்று கதையில் வரும் பொருளாக இல்லை. பதின்ம வயதில் அதைப் பார்த்தவர் ரம்லி. பிற்காலத்தில் ஓர் ஊரே ஒருவனைக் கண்டு அஞ்சுவதையும் வேட்டையாடுவதையும் அவர் திரையில் காட்டியபோது, இளமையில் கண்டது எதுவும் அதில் கலந்திருக்காது என்று என்னால் நம்ப முடியவில்லை.

1945இல் போர் முடிந்தது. கித்தார், வயலின், பியானோ எனக் கிடைத்த கருவிகளையெல்லாம் பழகிக்கொண்டிருந்த அவ்விளைஞர், பினாங்கு வானொலியின் பாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டார். முதலில் கோப்பை கிட்டவில்லை. விடாமல் முயன்று 1947இல் முதல் பரிசை வென்றார்.

இந்திய இயக்குநர்களின் பட்டறை

1948இல் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மேடை நிகழ்ச்சி. பாட்டும் வாத்தியமுமாக இருந்த ரம்லியைக் கண்டு வியந்தவர் பி.எஸ்.ராஜ்ஹான்ஸ். இந்தியாவிலிருந்து வந்து, 1930களிலேயே மலாய்ப் படம் இயக்கியவர் அவர். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் இயங்கிய ஷா சகோதரர்களின் படப்பிடிப்புக் கூடத்திற்கு ரம்லியை அழைத்தார். அதே ஆண்டு ரம்லி இரயிலேறினார். வயது 19.

ராஜ்ஹான்ஸ் இயக்கிய 'சிந்தா' படத்தில் ரம்லிக்குக் கிடைத்தது வில்லன் வேடம். அதோடு கதாநாயகனுக்குப் பின்னணிக் குரலும் கொடுத்தார். அழகான முகம் வேறொருவருடையது, குரல் இவருடையது! முகத்தில் பருத் தழும்புகள் கொண்ட, ஒல்லியான இந்தப் பினாங்குப் பையன் கதாநாயகனாக நிற்பான் என்று அன்று பலர் எண்ணியிருக்கமாட்டார்கள்.

அந்தக் கணக்கை மாற்றியவர் எல்.கிருஷ்ணன். சென்னையில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு வந்து பினாங்கில் வளர்ந்த தமிழர். 1950இல் அவர் இயக்கிய 'பக்தி' படத்தில் ரம்லி முதன்முறையாகக் கதாநாயகன் ஆனார். தம் பாடலைத் தம் குரலிலேயே திரையில் பாடவும் செய்தார். நடிகர் வாயசைக்க வேறொருவர் பாடுவது வழக்கமாயிருந்த காலத்தில் இது புதுமை. தொடர்ந்து எஸ்.இராமநாதன், பானி மஜும்தார், பி.என்.ராவ் போன்ற இந்திய இயக்குநர்கள் அக்கூடத்திலும் அதன் போட்டி நிறுவனத்திலும் பணியாற்றினார்கள். பாட்டு, கண்ணீர், நகைச்சுவை மூன்றையும் ஒரே படத்தில் சேர்த்துச் சமைக்கும் நம் ஊர்ப் பக்குவம் மலாய்த் திரைக்கு வந்த வழி இதுவே. இராமநாதன் இயக்கிய 'இபு' (1953) போன்ற தாய்ப்பாசப் படங்களைப் பார்க்கும் தமிழருக்கு, ஏற்கெனவே பழகிய வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருக்கும்.

ரம்லி நடிப்பதோடு நிற்கவில்லை. படப்பிடிப்புக் கூடத்தின் எல்லா வேலைகளையும் கவனித்துக் கற்றார். 1955இல் 'பெனாரிக் பெச்சா' என்ற படத்தைத் தாமே இயக்கினார். ஏழை மூன்று சக்கர வண்டிக்காரனுக்கும் செல்வர் வீட்டுப் பெண்ணுக்கும் இடையிலான காதல் கதை அது. இயக்குநர் நாற்காலி பெரும்பாலும் வெளிநாட்டவர்க்கே என்றிருந்த நிலையில், அப்படத்தின் வெற்றி உள்ளூர்க் கலைஞர்களுக்குப் புதுவழி திறந்தது.

1956இல் பானி மஜும்தார் இயக்கிய 'அனக்கு சசாலி'யில் தந்தை, மகன் என இரட்டை வேடம். அதற்காக 1957இல் டோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஜப்பானியக் கடற்படைப் பள்ளியில் பாட்டுக் கற்ற பையனைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஜப்பானின் தலைநகரம் பாராட்டியது. காலம் செய்யும் விளையாட்டு என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

பேய்களின் பருவம்

1957ஆம் ஆண்டு மலாய்த் திரையில் பேய்க்காற்று அடித்தது. கேத்தே-கெரிஸ் நிறுவனம் வெளியிட்ட 'பொந்தியானாக்' படம் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கூட்டம் கூட்டமாக மக்களை இழுத்தது. இயக்கியவர், முன்பு தமிழ்ப் படங்களையும் இயக்கிய பி.என்.ராவ். நாயகி மரியா மெனாடோ. கூன் விழுந்த, அழகற்ற ஒரு பெண் அழகியாக மாறிப் பின்னர் பேயாவதே கதை. வருந்தத்தக்க செய்தி என்னவென்றால், அம்முதல் படத்தின் பிரதி இன்று நமக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து வந்தவன் 'ஒராங் மின்யாக்', அதாவது எண்ணெய் மனிதன். உடல் முழுதும் கறுப்பு எண்ணெய் பூசிக்கொண்டு, இரவில் வீடு புகுந்து பெண்களைத் தாக்குபவன். பிடித்தால் கை வழுக்கும். 1950களில் இப்படி ஒருவன் நடமாடுகிறான் என்ற பேச்சு கம்பங்களிலும் நகரங்களிலும் பரவியது. 1958இல் எல்.கிருஷ்ணனே கேத்தே-கெரிஸுக்காக எண்ணெய் மனிதனைப் பற்றிய படங்களை எடுத்தார். ஒரு காலத்தில் ரம்லியைக் கதாநாயகன் ஆக்கிய கிருஷ்ணன் ஒரு பக்கம், ரம்லி மறுபக்கம் என, பினாங்கில் வளர்ந்த இருவரும் ஒரே பேயைப் பிடிக்கப் போட்டியிட்டனர்!

இது நம் வட்டாரத்தில் மட்டும் நடந்ததன்று. போருக்குப் பின் ஜப்பானிலும் திகில் படங்கள் தழைத்தன. 1949இல் டாயே நிறுவனம் கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பற்றி ஒரு படம் எடுத்தது. உருவத்தை மறைக்கும் மருந்து, உண்டவனின் குணத்தையும் கெடுத்துவிடும் என்பது அதன் கரு. அதற்குத் தந்திரக் காட்சிகள் அமைத்த எய்ஜி சுபுராயா, 1954இல் 'காட்சில்லா'வை உலகுக்குக் காட்டியவர். ஆனால், 1949ஆம் ஆண்டுப் படம் ஜப்பானுக்கு வெளியே நெடுங்காலம் அறியப்படாமலே கிடந்தது. 1959இல் நொபுவோ நகாகாவா இயக்கிய யோட்சுயா பேய்க்கதையிலோ, நஞ்சினால் முகம் சிதைந்த மனைவி, துரோகம் செய்த கணவனைப் பழிவாங்க வருகிறாள். டாயே நிறுவனத் தலைவர் மசாய்ச்சி நகாதாவும் ஷா சகோதரர்களில் ஒருவரான ரன் ரன் ஷாவும் முன்னின்று 1954இல் தொடங்கியதுதான் நான் மேலே குறிப்பிட்ட ஆசியத் திரைப்பட விழா.

ஜப்பானியப் படங்களைப் பார்த்து ரம்லி எடுத்தார் என்று நான் கூறவில்லை. இரண்டு இடங்களிலும் போரின் அச்சத்தை நேரில் அனுபவித்த மக்கள், கட்டணம் செலுத்திக் கற்பனை அச்சத்தைப் பார்க்கச் சென்றார்கள். இரண்டு இடங்களிலும் பேய் வெளியிலிருந்து வரவில்லை. அவமதிக்கப்பட்ட மனிதர்களிடமிருந்தே பிறந்தது. இந்த ஒற்றுமை என்னைச் சிந்திக்க வைத்தது.

சத்தியமும் சாபமும்

'சும்பா ஒராங் மின்யாக்' படத்தின் நாயகனுக்குப் பெயர்கூட இல்லை. ஊரார் அவனைச் 'சி போங்கோக்' என்று அழைக்கிறார்கள். கூனன் என்று பொருள். முதுகு கூனல், முகம் கோரம். ஆனால், அவன் கையில் அழகு இருக்கிறது. பாத்தேக் துணியில் வண்ணம் தீட்டும் கைவினைஞன் அவன். ஊரின் அழகிய பெண்ணான அஃபிடாவை (ஸ்ரீ தேவி) அவன் விரும்புகிறான். ஊர் சிரிக்கிறது. இளைஞர்கள் அடிக்கிறார்கள். சாலே காமில் ஏற்ற முரடன் பாத்திரம் அவனை விரட்டுகிறது. அவன் செய்த தவறு, இந்த முகத்தோடு ஆசைப்பட்டது மட்டும்தான்.

மனம் உடைந்து இறைவனிடம் முறையிடும் அவனுக்கு மாய உலகம் கைகொடுக்கிறது. ஒரு சத்தியத்தின் பேரில் அழகான உருவம் கிடைக்கிறது. ஊர் திரும்பியவனை எல்லாரும் மதிக்கிறார்கள். அவன் உள்ளம் மாறவில்லை, முகம் மட்டுமே மாறியிருக்கிறது. அது போதுமானதாக இருக்கிறது ஊருக்கு! ஆனால், பழைய காயம் ஆறவில்லை. பகை மூள்கிறது, உயிர் போகிறது, சத்தியம் உடைகிறது. தண்டனையாக அவன் உருவமே மறைந்து போகிறது. அந்த நேரத்தில் சைத்தான் வந்து பேரம் பேசுகிறான். 7 நாள்களுக்குள் 21 கன்னிப் பெண்களைக் கெடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நல்லவனாய் இருந்த கைவினைஞன் ஊர் நடுங்கும் எண்ணெய் மனிதன் ஆகிறான். முடிவை நான் சொல்லப் போவதில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மலாய் மொழியில் 'சும்பா' என்ற சொல்லுக்குச் சத்தியம் என்றும் பொருள், சாபம் என்றும் பொருள். தலைப்பிலேயே படத்தின் இரு பாதிகளும் அடங்கியுள்ளன. மேலும், ஊரார் கதைகளில் எண்ணெய் மனிதன் வெறும் அரக்கன். அவன் எங்கிருந்து வந்தான் என்று யாரும் கேட்டதில்லை. ரம்லி கேட்டார். அவனுக்கு ஒரு தொழிலையும் ஒரு காதலையும் ஒரு கூனல் முதுகையும் கொடுத்தார். அவன் செய்யும் கொடுமையை அவர் நியாயப்படுத்தவில்லை. அதற்கு முன்பு ஊர் செய்த கொடுமையையும் மறைக்கவில்லை. அவ்வளவுதான்.

முகத்தைச் சிதைத்துக் காட்டும் ஒப்பனையோடு, அன்றைய முன்னணிக் கதாநாயகன் நடிக்க முன்வந்ததும் கவனிக்கத்தக்கது. இரசிகர்களின் கனவு நாயகனாய் இருந்தவர், கல்லெறி படும் கூனனாய் நின்றார். இப்படத்தின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்காக ஒளிப்பதிவாளர் அபு பாக்கார் அலிக்கு 1958இல் மணிலாவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் பரிசு கிடைத்தது.

அதன் பிறகு அவரைச் சிரிப்பு தேடி வந்தது. 'பெண்டேகார் புஜாங் லாபோக்' (1959), 'நுஜும் பா பெலாலாங்' (1959), 'மது திகா' (1964) எனச் சிறந்த நகைச்சுவைப் படங்கள் வரிசையாக வந்து பரிசுகளையும் பெற்றன. 1962இல் வந்த 'இபு மெர்துவாக்கு' நாட்டையே அழ வைத்தது. 1961இல் பாடகி சலோமாவை மணந்தார். எண்ணெய் மனிதன் மெல்ல மறக்கப்பட்டான்.

திரும்பி வந்த ஏளனம்

1964இல் ரம்லி சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூரின் உலு கிள்ளானிலிருந்த மெர்டேக்கா படப்பிடிப்புக் கூடத்திற்கு வந்தார். அங்கு அவர் இயக்கிய முதல் படம் 'சித்தோரா ஹரிமாவ் ஜாடியான்'. மனிதன் புலியாக மாறும் திகில் கதை. புது இடத்தில் புது வாழ்வு தொடங்கிய கலைஞன், மீண்டும் உருமாறும் மனிதனையே தேடிப் போனார் என்பது எனக்கு வியப்பளிக்கிறது.

புது வாழ்வு எண்ணியபடி அமையவில்லை. ஜாலான் அம்பாஸில் இருந்த தேர்ந்த கலைஞர் கூட்டமும் வசதியும் இங்கு இல்லை. தொலைக்காட்சி வந்தது. இந்தோனேசியப் படங்களும் இந்திப் படங்களும் கூட்டத்தை இழுத்தன. பீட்டில்ஸ் இசையின் தாக்கத்தில் எழுந்த 'பாப் யே யே' பாடல்களில் இளைஞர்கள் மயங்கினார்கள். ரம்லியின் மென்மையான மெட்டுகள் பழையனவாகத் தோன்றின. ஒரு காலத்தில் தலைமேல் தூக்கிவைத்தவர்களே அவர் காலம் முடிந்ததென்று கேலி பேசினார்கள். கோலாலம்பூரில் அவர் 18 படங்களை இயக்கினார். முன்பு போல் அவை ஓடவில்லை. 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' கடைசிப் படமாயிற்று.

1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மாரடைப்பால் பி.ரம்லி காலமானார். வயது 44 மட்டுமே. 34 படங்களை இயக்கி, அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு இசையமைத்த அம்மனிதர், பெரிய செல்வம் எதையும் விட்டுச் செல்லவில்லை. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் முஸ்லிம் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

மறைந்த பின்னர் மரியாதைகள் வந்தன. கோலாலம்பூரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1986இல் செத்தாப்பாக்கிலுள்ள அவர் வாழ்ந்த இல்லம் நினைவகமாயிற்று. 1990இல் 'டான் ஸ்ரீ' விருது வழங்கப்பட்டது, இறந்து 17 ஆண்டுகளுக்குப் பிறகு. ஊர் சிரித்தபோது கூனனுக்குக் கிடைக்காத மரியாதை, அழகு வந்த பிறகு கிடைத்தது அல்லவா? ரம்லிக்கோ இறந்த பிறகு கிடைத்தது.

நாம் செய்ய வேண்டியது

இக்கட்டுரையை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. நம் வளாகத்தில் ஒருவரின் நிறத்தை, உடல் பருமனை, பேச்சில் வரும் திக்கலை, ஊரை வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவது சாதாரணமாக நடக்கிறது. புதிய மாணவர் வாரத்தில் வைத்த பெயர் பட்டமளிப்பு நாள்வரை ஒட்டிக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் விளையாட்டு என்கிறோம். அப்படிப்பட்ட பெயரைச் சுமந்த ஒருவர் விடுதி உணவகத்தில் எப்போதும் தனியாகவே அமர்ந்து உண்பதையும் பார்த்திருக்கிறேன். அவர் அரக்கனாக மாறவில்லை. பெரும்பாலோர் மாறுவதில்லை. அமைதியாக உள்ளுக்குள் நொறுங்கிப் போகிறார்கள். ரம்லியின் படம் இதைத்தான் பேய்க்கதையாகச் சொல்கிறது. கூனன் என்று கூப்பிட்ட ஊர், அவன் உண்மையான பெயரைக் கடைசிவரை கேட்கவே இல்லை.

சிரிக்க வைப்பது வேறு, ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது வேறு. இந்த வேறுபாட்டை நன்கறிந்த கலைஞர் பி.ரம்லி. அதனால்தான் அவருடைய நகைச்சுவை ஐம்பது அறுபது ஆண்டுகள் கடந்தும் யாரையும் புண்படுத்தாமல் என் பாட்டி வரைக்கும் வந்து சேர்ந்தது.

பினாங்கில் பயிலும் நண்பர்கள் ஒரு வார இறுதியில் அந்த மர வீட்டுக்குச் சென்று வாருங்கள். அன்றிரவு விடுதிக்குத் திரும்பி, நான்கு பேராகச் சேர்ந்து 'சும்பா ஒராங் மின்யாக்' பாருங்கள். உங்கள் தளத்தில் தனியாக இருக்கும் அந்த ஒருவரையும், அவருடைய சொந்தப் பெயர் சொல்லி அழைத்து அமர்த்திக்கொள்ளுங்கள்.